ஏலமடுவில் காய்த்த எபேசுக் காசு

கார்த்திகை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, ஏற்காட்டு மலையில் ஏலமடுவு அத்தாயியின் தோட்டத்தில் முன்னூற்றுப் பதினான்கு காப்பிச் செடிகள் வெண்கலக் காசு காய்த்தன. மீதி அறுபது செடிகளில் வழக்கம்போலக் கொட்டைதான் இருந்தது. அந்த வருடம் அதற்கு விலையும் நன்றாகவே இருந்தது. வெளிப்பார்வைக்குச் செடிகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழங்கள் பக்கத்துத் தோட்டத்தில் எப்படிச் சிவந்தனவோ அப்படியேதான் இங்கேயும் சிவந்தன. பழம் தின்ன வந்த மரநாய் ஒன்று மட்டும் விடிந்த பிறகும் போகாமல், சில்வர் ஓக் கிளையில் தாடையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பல்வலி என்று அத்தாயி நினைத்தாள். அவள் நினைத்தது சரிதான்.

விஷயம் வெளிப்பட்டது பல்பரில். பழத்தோலை உரிக்கும் அந்த இயந்திரத்தை அத்தாயியின் கணவர் பொன்னுவேல் இருபது வருடமாகக் கையால் சுற்றி வருகிறார். அன்றைக்கு முதல் கூடையைக் கொட்டிச் சுற்றியதும், யாரோ கோயில் உண்டியலைக் கவிழ்த்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. பொன்னுவேல் இயந்திரத்தைப் பிரித்தார். ஒவ்வொரு பழத்துக்குள்ளும், இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு பச்சைக் காசுகள் படுத்திருந்தன. ஒரு பக்கம் தலையில் இலை மாலை கட்டிய ஓர் ஆளின் முகம். மறுபக்கம் ஒரு மான். சுற்றிலும் தமிழும் இங்கிலீஷும் இந்தியும் அல்லாத எழுத்து.

பொன்னுவேல் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. காசை வேட்டியில் துடைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் கொட்டை கொஞ்சம் கெட்டியா இருக்குது புள்ள" என்றார்.

அத்தாயி அவர் மாதிரி இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவள் தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் ஒரு மைல் தள்ளியிருக்கும் வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கூப்பிட்டாள். ஊர் வந்தது. காப்பிச் செடிகளைப் பார்க்கும் அதிகாரியும் மூன்றாம் நாள் வந்தார். நாற்பது பழங்களைப் பிதுக்கிப் பார்த்தார். காய்த்துளைப்பான் வண்டின் தாக்குதல் இல்லை என்று தாளில் எழுதினார். பதினைந்து நாள் விட்டுப் போர்டோ கலவை இன்னொரு முறை தெளிக்கச் சொன்னார். அவர் போன பிறகுதான் பொன்னுவேலுக்கு விளங்கியது. போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தம் என்பது செம்பு. "இருவது வருசமாச் செடிக்குச் செம்பாக் குடிக்கக் குடுக்கறம். அது எங்கதான் போகும்?" என்றார். ஏலமடுவுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் ஏன் காய்த்தது என்று யாரும் கேட்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

அதைப் படித்தவர் லூர்துசெல்வி டீச்சர். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர். சனிக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வந்து அத்தாயியிடம் மிளகு வாங்கிப் போவார். காசை வெளிச்சத்தில் பிடித்து, கரும்பலகையைப் பார்த்து வாசிப்பதுபோல் வாசித்தார்.

"எப்சிலான், ஃபை, எப்சிலான், சிக்மா, ஐயோட்டா, ஒமேகா, நியூ."

"என்னங்க டீச்சர், மந்திரம் சொல்றாப்பல சொல்றீங்க?"

"மந்திரமில்லம்மா, இதெல்லாம் கணக்குல வர்ற எழுத்து. கிரேக்க எழுத்து. சேத்துப் படிச்சா..." டீச்சர் உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் கண் விரிந்தது. "எபேசியோன். அத்தாயிம்மா, இது எபேசு! பைபிள்ல வர்ற ஊரு. பவுல் கடுதாசி எழுதின ஊரு."

"பவுலுங்கறது யாருங்க, அங்க போஸ்ட் மாஸ்டருங்களா?"

டீச்சர் அதற்குள் போனை எடுத்திருந்தார். படம் பிடித்துச் சேலத்தில் தெரிந்த ஒரு சரித்திர வாத்தியாருக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வசந்த் வந்து இறங்கினார். சேலத்தில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர், முப்பத்தாறு வயது, கண்ணாடி. உலகத்தில் எவ்வளவோ படிப்பு இருக்க, ரோமாபுரி ஆட்சிக்குக் கீழே இருந்த கிரேக்க ஊர்கள் அடித்த வெண்கலக் காசுகளைப் பற்றிப் பதினொரு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியிருந்தார். அந்தப் பதினொரு வருடத்தில் அவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. எல்லாம் படத்தில் பார்த்ததுதான். அத்தாயி காப்பி உலர்த்தும் களத்தில் பாய் விரித்து ஏழு முறம் காசு கொட்டி வைத்திருந்தாள். வசந்த் செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் போனார். குந்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார், கடைசியில் துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. பொன்னுவேல் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். அறுபது செடிக் காப்பி.

தெளிந்த பிறகு வசந்த் நன்றாகவே விளக்கினார். தங்கமும் வெள்ளியும் ராஜாங்கத்துக் காசுங்க, அது எங்கே போனாலும் செல்லும். ஆனா உப்பு வாங்க, ரொட்டி வாங்க, குளிக்கிற இடத்துல குடுக்கச் சில்லறை வேணுமில்லைங்களா? அதை அந்தந்த ஊரே வெண்கலத்துல அடிச்சுக்கிட்டாங்க. ஒரு பக்கம் சக்கரவர்த்தி தலை. மறுபக்கம் அவங்க ஊர் சாமி, அவங்க ஊர் ஆறு, அவங்க ஊர் பெருமை.

"நம்மூர்ல ஃப்ளெக்ஸ் போர்டு வக்கிற மாதிரிங்கம்மா. மேல தலைவர் படம், கீழ நம்ம பேரு."

இது ஊருக்கு உடனே புரிந்தது. வசந்த் குவியலைக் கிளறி, சற்றே பெரிய காசு ஒன்றை எடுத்து, சுற்றியிருந்த எழுத்தை ஊன்றிப் படித்தார். "எபேசியர்... ஆசியாவிலே முதல்வர்."

அத்தாயி அதுவரை பாயின் ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன போட்டிருக்குதுங்க?"

"முதல்னு போட்டிருக்குதுங்க. ஆனா அந்த ஆசியாங்கறது இப்ப துருக்கி இருக்குதே, அங்க ஒரு மாகாணம். இந்த ஆசியா இல்லைங்க."

"ஏலமடுவு ஆசியாவுலதானுங்களே இருக்குது?"

வசந்த் காசை அவள் கையில் கொடுத்தார்.

அத்தாயிக்கு அந்தச் சொல் ஏன் அப்படி இனித்தது என்று தெரிந்துகொள்ள, பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். ஏலமடுவுக்கும் அடுத்த ஊரான கரடிச்சோலைக்கும் நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு மாரியம்மன். சித்திரையில் பொங்கல் வைத்தால், எந்த ஊர்ப் பானை முதலில் பொங்குகிறதோ அந்த ஊருக்கு அந்த வருடம் முதல் தீர்த்தம். அந்த வருடம் ஏலமடுவுக்காகப் பானை வைத்தவள் அத்தாயி. கரடிச்சோலைக்காக வைத்தவள் செல்லாயி. செல்லாயி என்பவள் அத்தாயியின் கூடப் பிறந்த தங்கை. மூன்று வயது இளையவள். ஓடைக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள். பானை பொங்கியது. இரண்டு பானையும் பொங்கின. என்னுதுதான் முதலில் என்றாள் அக்கா. என்னுதுதான் என்றாள் தங்கை. பூசாரி அந்த நேரத்தில் சூடம் வாங்கப் போயிருந்தார், ஜனம் கரகம் பார்க்கப் போயிருந்தது. அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. ஓடையின் இரு கரையில் நின்று துணி துவைப்பார்கள், சொல்ல வேண்டியதைத் துணியிடம் சொல்லி அடிப்பார்கள். செல்லாயியின் கணவர் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் மாதம் ஒரு முறை வருகிறவர். அவர் வரும்போது பொன்னுவேலும் அவரும் ஓடை நடுப்பாறையில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஏற்பாடு.

இப்போது ஏலமடுவுதான் முதல் என்று அத்தாயிக்கு எழுத்திலேயே வந்துவிட்டது. அதுவும் வெண்கலத்தில். அவள் அந்தப் பெரிய காசைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணி துவைக்கப் போனாள்.

வசந்த் நாற்பது காசுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் ஒட்டி, பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் சேலம் புறப்பட்டார். அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கியபோது பை லேசாக இருந்தது. உறைகள் எல்லாம் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அதே நேரத்தில் மலைப்பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்த சரக்கு லாரி டிரைவர், பத்தாவது கொண்டை ஊசி வளைவில் நாற்பது காசுகள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, இடப்பக்க ஓரமாகவே உருண்டு மேலே போவதைப் பார்த்தார். ஹாரன் அடித்தார். அவை ஒதுங்கி வழி விட்டன. சோதனைச்சாவடியில் இருந்தவர் அவற்றை நிறுத்தவில்லை. இறங்குகிற வண்டிக்குத்தான் சோதனை என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். சாயங்காலம் ஐந்தரைக்குக் காசுகள் ஏலமடுவுக் களத்தில் ஏறிப் பாயில் படுத்தன. ஒன்று மட்டும் மறுநாள் வந்தது. அதன் மேல் பஸ் டயர் தடம் இருந்தது.

வசந்த் இன்னும் நான்கு முறை முயன்றார். டிபன் பாக்ஸில் போட்டுப் பூட்டினார், ஜீப்பில் கொண்டுபோனார், ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துத் தைத்தார், சட்டைப்பை கிழிந்தது. ஐந்தாவது முறை அவரே சிரித்துவிட்டார். "இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லைங்க. அந்தக் காலத்துலயே இந்தக் காசு ஊர் எல்லை தாண்டினாச் செல்லாது. அது பழக்கத்தை மாத்திக்கல." ஊருக்குள் தாராளமாகச் செல்லும் என்பதைத் தனபால் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அவர் டீக்கடையில் ஒரு மான் காசுக்கு ஒரு டீ. இரண்டு மானுக்கு டீயும் வடையும். மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாக்காரர்கள் ஆளுக்கொரு காசு திருடிப் போவதும், அது ஏற்காட்டு அண்ணா பூங்கா வரைக்கும்கூடப் போகாமல் திரும்பி வருவதும் நடந்தபடி இருந்தன. அவர்களில் யாரும் போலீசில் புகார் கொடுக்கவில்லை.

இப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்கழி பிறந்த மூன்றாம் நாள், ஓடைக்கு அந்தப் பக்கம் செல்லாயியின் செடிகளும் காய்த்தன.

அவற்றில் மான் இல்லை, சிங்கம் இருந்தது. லூர்துசெல்வி டீச்சர் கரடிச்சோலைக்கும் மிளகு வாங்கப் போகிறவர்தான். சிக்மா, மியூ, உப்சிலான் என்று தொடங்கிப் படித்து, இது சிமிர்னா, இதுவும் பைபிளில் வருகிற ஊர் என்றார். பெரிய காசைப் படிக்க வசந்தைக் கூப்பிட்டார்கள். வசந்த் படித்துவிட்டுக் காசைக் கவிழ்த்து வைத்தார். கரடிச்சோலை ஜனம் வற்புறுத்தியது. "சிமிர்னாக்காரர், ஆசியாவிலே முதல்வர்..." என்று நிறுத்தினார். இன்னும் எழுத்து இருக்கிறதே என்று செல்லாயி விரல் வைத்துக் காட்டினாள். "...அழகிலும் அளவிலும்" என்று முடித்தார்.

அந்த இரண்டு சொல் ஓடையைத் தாண்ட அரை மணி நேரம் ஆகவில்லை. அத்தாயி துவைகல்லில் இருந்த போர்வையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "அழகுலயா? யாரு, அவளா?" என்று போர்வையைக் கேட்டாள். வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு மறுநாள் ஏலமடுவுப் பழங்கள் எலுமிச்சை அளவு ஆயின. நான்காம் நாள் கரடிச்சோலைப் பழங்கள் சாத்துக்குடி அளவு ஆயின. அத்தாயி ஒவ்வொரு காலையும் செடிச் செடியாகப் போய் நின்று, நாமதான் முதல் என்று சொல்லிவிட்டு வந்தாள். செடிகள் அதைக் கேட்டுக்கொண்டன. செல்லாயி என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் அவளும் காலையில் தோட்டத்தில்தான் இருந்தாள். காசு ஒவ்வொன்றும் சாஸர் அளவுக்கு வந்தது. கிளைகள் தரை தொட்டன. சக்கரவர்த்தியின் முகம் பெரிதாகப் பெரிதாக அவர் மூக்கில் ஒரு மச்சம் இருப்பதுகூடத் தெரிந்தது. இரண்டு ஊர் ஆட்களும் கட்சி கட்டினார்கள். கரடிச்சோலைக்காரர்கள் தனபால் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்களுடைய சிங்கக் காசு ஓடையைத் தாண்டாது, தாண்டாத காசுக்குத் தனபால் டீ கொடுக்க மாட்டார். மான் காசுகளும் சிங்கக் காசுகளும் தாமாகவே ஓடைக்கரைக்கு உருண்டு வந்து, எதிரெதிரே நின்று, காலை வெயிலில் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. மாடுகள் தண்ணீர் குடிக்க அவற்றைச் சுற்றிப் போயின.

பொன்னுவேலுக்குத்தான் கவலை. அறுபது செடியில் மிச்சமிருந்த காப்பியும் காசாக மாறத் தொடங்கியிருந்தது. கிளை முறிந்த செடி மறுபடி தழைத்துக் காய்க்க மூன்று வருடம் ஆகும். முன்னூற்றுப் பதினான்கில் தொண்ணூறு முறிந்துவிட்டது. "காசு காய்க்குது, செடி சாகுது" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. அதற்குப் பிறகு அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டதை அத்தாயி பார்த்தாள். அவர் அப்படி எழுந்து அவள் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வசந்த் வந்தபோது அத்தாயி அவரைத் தனியாகக் கேட்டாள்.

"ஏனுங்க சார், அந்த ரெண்டு ஊரும் நெசமாவே சண்டை போட்டுதுங்களா?"

"நொம்பப் போட்டாங்கம்மா. யாரு முதல்னு. கடைசியில சக்கரவர்த்தியே கடுதாசி போட்டாரு, ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாக் கூப்பிடுங்கன்னு."

"கேட்டாங்களா?"

"கேக்கலைங்க. அப்பறமும் நூறு வருசம் முதல், முதல்னு காசு அடிச்சாங்க."

அத்தாயி கயிற்றில் தொங்கிய காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப தீரவே இல்லைங்களா?"

"நடுவுல சில வருசம் சேந்துக்கிட்டாங்க. ரெண்டு ஊர் பேரும் போட்டு ஒரே காசு. ஒற்றுமைக் காசுன்னு பேரு."

"எதுக்குச் சேந்தாங்க?"

வசந்த் நேர்மையான ஆள். "அது யாருக்கும் தெரியாதுங்கம்மா. காசுல அது எழுதலை" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கரடிச்சோலையில் தாம்பாளம் அளவுள்ள சிங்கக் காசு ஒன்று கிளையோடு முறிந்து செல்லாயியின் வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு எலும்பு. சேலம் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டுச் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். சேதியைக் கொண்டுவந்தவர் தனபால். அத்தாயி அடுப்படியில் இருந்தாள். "எவ்வளவு பெரிய காசு?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள். புதன்கிழமை விடிந்ததும் மம்மட்டியை எடுத்துக்கொண்டு பாறைச் சரிவுக்குப் போய், முடவாட்டுக்கால் கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தாள். எலும்புக்கு அந்தக் கிழங்கு நல்லது. பொன்னுவேல் கூடையை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாம்பாளக் காசு நிசமாகவே அவ்வளவு பெரிசா என்று பார்த்துவிட்டு வருவதாக அவளாகவே சொன்னாள்.

தன் பங்குக்குக் காட்டுவதற்காக, ஏலமடுவின் மிகப் பெரிய பத்துக் காசுகளையும் கூடையில் கிழங்கோடு வைத்திருந்தாள். ஓடை நடுப்பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்ததும் பத்தும் கூடையிலிருந்து குதித்தன. கழுத்திலிருந்த காசு கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்து, தண்ணீரில் ஒரு முறை துள்ளி, ஊரைப் பார்த்து உருண்டது. அத்தாயி நின்று பார்த்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு தங்கை ஊட்டுக்குப் போகும்போது அவளிடம் இருந்தது கிழங்கு மட்டும்தான்.

செல்லாயி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலில் அக்காவைப் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"கால் வலிக்குதா?" என்றாள் அத்தாயி.

"இல்ல, ஊஞ்சல் ஆடிக்கிட்டிருக்கேன்."

"காசு எங்க?"

செல்லாயி சுவரோரம் கை காட்டினாள். அத்தாயி பார்த்தாள். தாம்பாளம்தான்.

"உன்னுது எம்மாம் பெருசு?"

"சாஸரு."

"ம்" என்றாள் செல்லாயி. அந்த "ம்" இல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அத்தாயி அதை விட்டுவிட்டாள். அடுப்படியைத் தானே கண்டுபிடித்து, கிழங்கைச் சுரண்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சாறு வைத்து எடுத்து வந்தாள். தங்கை ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லாயியின் நடுவகிட்டில் இப்போது நரை இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது.

"செல்லாயி, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு என் பானை பொங்குனத நான் பாக்கல."

செல்லாயி கிண்ணத்தை இறக்கினாள்.

"குரங்கு வந்து வெல்லத்தத் தூக்கிட்டுப் போச்சு. அது பின்னால ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா பொங்கிக் கெடந்துச்சு. எம்பட பானைதான் மொதல்ல பொங்கிருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

செல்லாயி கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்தாள்.

"எந்தக் குரங்கு?" என்றாள் செல்லாயி.

"வாலு அறுந்தது."

"அதேதான்கா. உன் வெல்லத்தப் போட்டுட்டு என் தேங்காயத் தூக்குச்சு. நானும்தான் பின்னால ஓடுனேன்."

"அப்பப் பாத்தது யாரு?"

"யாருமே இல்ல."

"மாரியாத்தா பாத்திருப்பா."

"பாத்திருப்பா. இத்தன வருசமாச் சொல்லலையே அவ" என்றாள் செல்லாயி. சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது. சிரித்தபோது கால் வலித்தது, வலித்ததில் கத்தினாள், கத்தினதைப் பார்த்து அத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து ஊட்டுக்காரி, அக்காளும் தங்கையும் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டாள்.

அழுகை, மூக்குச் சிந்தல் எல்லாம் முடிந்து அத்தாயி எழுந்தபோது, "போனது போகட்டும், உன்னுதே மொதல்னு வச்சுக்க" என்றாள்.

"வேண்டாங்க்கா. நீ மூத்தவ. உன்னுதுதான் மொதல்."

"நான் மனசாரச் சொல்றேன் புள்ள, உன்னுதுதான்."

"அடிபட்டுக் கெடக்கறவளுக்குப் பிச்சை போடறயா? உன்னுதுதான்னு சொல்றேன்ல?"

"அது எப்படி என்னுதாகும்? நீ நல்லா எரியற வெறகா வச்சிருந்த!"

குரல் ஏறியது. அத்தாயி ஓடையைத் தாண்டி வரும்போதும் திரும்பித் திரும்பி, உன்னுதுதான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வாழவந்தியில் கேட்டவர்கள் பழைய சண்டை என்று நினைத்தார்கள்.

மறுநாள் லூர்துசெல்வி டீச்சர் இரண்டு ஊருக்கும் இரண்டு முறை போய்ப் படித்துப் பார்த்தார். தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று வசந்தையும் வரச்சொன்னார். கோளாறு இல்லை. ஏலமடுவுச் செடிகளில் புதிதாகப் பழுத்த காசில், சிமிர்னாக்காரர் முதல்வர் என்று எழுதியிருந்தது. கரடிச்சோலைச் செடிகளில் எபேசியர் முதல்வர் என்று எழுதியிருந்தது. உலகத்தில் எந்த ஊரும் இப்படிக் காசு அடித்ததில்லை என்று வசந்த் அடித்துச் சொன்னார். இதை எழுதி அனுப்பினால் தன்னை வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார். பத்து நாள் இந்த மரியாதை நீடித்தது. அதற்குள் அத்தாயி தினமும் ஓடையைத் தாண்டிச் சாறு வைக்கப் போனாள். விட்டுக்கொடுத்துக் கொடுத்து இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. காசும் அதற்கேற்றபடி சிறுத்தது. தாம்பாளம் சாஸராகி, சாஸர் எலுமிச்சையாகி, கடைசியில் கட்டைவிரல் நகத்துக்கு வந்தது. முறியாமல் மிஞ்சிய கிளைகள் நிமிர்ந்தன. தை மாதக் கடைசியில், நூற்றுக்கு எண்பது பழத்தில் காப்பிக் கொட்டை திரும்பிவிட்டது. பொன்னுவேல் பல்பருக்கு முன்னால் காசு பிரிக்க ஒரு சல்லடை மாட்டினார். மலைக்காப்பி விலையில் அதனால் மாற்றம் ஏதுமில்லை. வாங்குகிறவர்கள் மூட்டைக்கு ஐம்பது கிராம் காசுக் கழிவு என்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது வருகிற காசில் மானும் இல்லை, சிங்கமும் இல்லை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று கை கோத்திருக்கிறார்கள். சுற்றிலும் இரண்டு ஊர்ப் பெயரும், ஒற்றுமை என்ற சொல்லும். இந்தக் காசு ஓடையைத் தாராளமாகத் தாண்டும். தனபால் கடையிலும் செல்லும், கரடிச்சோலைச் சந்தையிலும் செல்லும். மலை மட்டும் இறங்காது என்றார்கள். வசந்த் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. கல்லூரியில் ஒரு வருட விடுப்புப் போட்டுவிட்டு ஏலமடுவிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து இதைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதிய நிபுணர்களுக்கு, பஸ் நேரத்தைக் குறித்து அனுப்பினார். இருவர் வந்தார்கள். அவர்களும் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டுவிட்டு, அடுத்த வாரம் பழம் பறிக்க உதவினார்கள்.

பங்குனியில் பூமழை பெய்து, காப்பி பூத்து, மலை முழுக்க வெள்ளையாகக் கிடந்த ஒரு மத்தியானம், அக்காளும் தங்கையும் அத்தாயியின் களத்தில் உட்கார்ந்து போன பருவத்துக் கடைசிக் கொட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். செல்லாயியின் கால் ஆறியிருந்தது. மிளகு வாங்க வந்த லூர்துசெல்வி டீச்சர் முறத்தில் தட்டுப்பட்ட ஒரு காசை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அத்தாயிம்மா, இதைக் கவனிச்சீங்களா? ரெண்டு பொம்பளைங்கள்ல ஒருத்தி கொஞ்சம் நெட்டையா இருக்கா. அது எபேசா, சிமிர்னாவா?"

செல்லாயியின் கை முறத்தில் நின்றது. அத்தாயி காசை வாங்கினாள். வெயிலில் ஒரு முறை பிடித்துப் பார்த்தாள், நிழலில் ஒரு முறை பார்த்தாள். நெட்டையாக இருந்தவள் யார் என்று நன்றாகவே தெரிந்தது.

"கண்ணு மங்கலாயிருச்சுங்க டீச்சர், தெரியல" என்று சொல்லி, காசை உமியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, அடுத்த முறத்தை எடுத்தாள்.